அயல்நாட்டில் படிக்கப் போகுமுன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முதுகலைப் படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. விசா வந்துவிட்டது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்விலும் அவர்கள் கேட்டதற்கு மேலேயே மதிப்பெண் பெற்றிருக்கிறேன். வகுப்புகள் தொடங்க இன்னும் நான்கு மாதங்கள் உள்ளன. எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். படிப்புக்கு எப்படி ஆயத்தமாவது என்று எவரும் சொல்வதில்லை. கால அட்டவணைப்படி வாரத்துக்கு 12 மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரத்தில் வேலை பார்த்துச் செலவைச் சமாளித்துவிடலாமா? தனிமையை எண்ணியும் சற்று அச்சமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

அந்த 12 மணி நேரத்தை வைத்து நீங்கள் போட்டிருக்கும் கணக்கு சரியன்று என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் இ.சி.டி.எஸ். என்ற முறையில் படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகால் கணக்கிடுகிறார்கள். ஓர் ஆண்டின் முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வகுத்திருக்கிறார்கள். அதாவது ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். பிரிட்டனில் ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம் வீதம் முதுகலைக்கு 180 கிரெடிட், அங்கும் 1800தான். ஆசிரியர் முன் அமரும் நேரம் இதில் ஒரு சிறு பகுதி. மற்றதை நீங்களே படித்தும் எழுதியும் ஈடுகட்ட வேண்டும். ஒருவரும் உங்களைக் கேட்கப்போவதில்லை, கட்டுரையை ஒப்படைக்கும் நாள் வரும்வரை.

இதனோடு சேர்த்தே வேலையைப் பற்றி முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்கள் வகுப்புக் காலத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணி நேரமும், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரமும் வேலை செய்யலாம். நீங்கள் போகும் நாட்டின் வரம்பு உங்கள் விசா நிபந்தனைகளிலேயே இருக்கும். படிப்புக்கு வாரம் 40 மணி நேரம் தேவைப்படும்போது அதன்மேல் 20 மணி நேரத்தை ஏற்றினால் 60 ஆகிவிடும். சிலர் அதையும் தாங்குகிறார்கள். ஆனால் முதல் பருவத்தின் வாடகைக்கு அந்த வருமானத்தை நம்பிப் புறப்படுவதை நான் ஏற்கமாட்டேன்.

இனி ஆயத்தம். நீங்கள் தேறிய தேர்வின் கட்டுரைப் பகுதி, 250 சொற்களில் உங்கள் கருத்தை எழுதச் சொல்லும். எந்த நூலையும் அதற்காக நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகக் கட்டுரை இதற்கு நேர்மாறானது. யார் என்ன சொல்லியிருக்கிறார், அதை எந்தச் சான்றைக் கொண்டு சொல்கிறார், அச்சான்று போதுமா என்ற கேள்விகளைக் கடந்த பின்னரே உங்கள் கருத்துக்கு அங்கே இடமுண்டு. நல்ல மதிப்பெண்ணோடு சென்ற மாணவர்கள் முதல் கட்டுரையில் தடுமாறுவதற்கு மொழியைவிட இதுவே பெரும்பாலும் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் பாடங்களுக்கான வாசிப்புப் பட்டியலைப் பல்கலைக்கழகத் தளத்தில் தேடுங்கள். இல்லையென்றால் துறைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையை முழுமையாகப் படித்து, பிறகு அதை மூடிவைத்துவிட்டு, அதன் வாதத்தை ஒரு பக்கத்தில் உங்கள் சொந்த வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டால், எங்கே புரியாமல் அவர்கள் சொற்களையே திருப்பிச் சொல்லியிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். கட்டுரை விலைக்கு மட்டுமே கிடைத்தால், அதை எழுதியவரே தன் இணையப் பக்கத்திலோ பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ இலவசமாக வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

சொற்களை மட்டும் மாற்றி எழுதிவிட்டால் கருத்துத் திருட்டாகாது என்றொரு நம்பிக்கை மாணவர்களிடையே உண்டு. மூலத்தைக் குறிப்பிடாதவரை அதுவும் திருட்டுதான். டர்னிட்டின் போன்ற மென்பொருள் காட்டும் விழுக்காடு, உங்கள் எழுத்து பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அது குற்றமா இல்லையா என்று முடிவு செய்பவர் ஆசிரியர். முறையாக மேற்கோள் காட்டிய கட்டுரையிலும் அந்த எண் உயரக்கூடும்.

ஆவணங்களில் பெயரின் எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்து, மூலப் பிரதிகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் எடையைப் பற்றிச் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

தனிமையைப் பற்றி ஆராய்ச்சிகளே இருக்கின்றன. ஃபுல்பிரைட் என்ற அமெரிக்கக் கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா சென்று வந்த நார்வே நாட்டவரை ஆராய்ந்து சுவெர்ரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955இல் எழுதிய கட்டுரையில், அங்கே 6 முதல் 18 மாதங்கள் வரை தங்கியவர்களே, அதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ தங்கியவர்களைக் காட்டிலும் அந்தச் சூழலோடு குறைவாகப் பொருந்தியிருந்தார்கள் என்கிறார். முதலில் உற்சாகம், பிறகு சோர்வு, அதன்பின் தெளிவு என்ற பிரபலமான வளைகோடு அதிலிருந்து வந்தது. ஆனால் நியூசிலாந்தில் பயின்ற ஜப்பானிய மாணவர்களை வைத்து கொலீன் வார்டும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சென்று சேர்ந்த தொடக்க நாட்களிலேயே மனஉளைச்சல் மிகுதியாக இருந்தது. எல்லோருக்கும் பொதுவான அட்டவணை கிடையாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். முதல் வாரத்திலேயே துவண்டாலும், எட்டாவது மாதத்தில் காரணமின்றிச் சோர்ந்தாலும், தவறான முடிவெடுத்துவிட்டோம் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மாணவர் ஆலோசனைப் பிரிவு எங்கே இருக்கிறது என்பதை அது தேவைப்படாத நாட்களிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வாடகையை மிச்சப்படுத்த வகுப்பு தொடங்கும் நாளில் போய் இறங்க வேண்டாம். அறிமுக வாரத்துக்கு முன்பே சென்றுவிடுங்கள். நூலகத்தைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் அமர்வு பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் நடக்கும்.