வாயுச் சுழலியின் பிளேட்டுகள் ஏன் முறிகின்றன?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர், மின்னிலையங்களில் ஓடும் வாயுச் சுழலியின் (gas turbine) பிளேட், அதாவது சுழலும் தகடு, முறிவது பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் ‘உலோகக் களைப்பு’ என்றே முடிகின்றனவே, அதுதான் முதற் காரணமா என்று கேட்டிருக்கிறார். கிளிநொச்சிக்குத் திரும்புவதற்கு முன் வளைகுடா நாடொன்றின் கடலோர மின்னிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். களைப்பு என்பது திரும்பத் திரும்ப விழும் விசையால் விரிசல் மெல்ல வளர்ந்து உலோகம் முறிவது. அந்தச் சொல் பிளேட் எப்படி முறிந்தது என்பதைத்தான் சொல்லும். ஏன் முறிந்தது என்று அறிய, விரிசல் தொடங்கிய இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

நான் இருந்த நிலையத்தில் ஒருமுறை, உள்ளே வரும் காற்றை அழுத்தும் கொம்பிரசரின் முன்வரிசைப் பிளேட் ஒன்று அடியோடு முறிந்து, பின்னாலிருந்த வரிசைகளையும் நொறுக்கிவிட்டது. முறிந்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கோடையில் இரணைமடுக் குளத்தில் நீர் இறங்க இறங்கக் கரையில் அடுக்கடுக்காகக் கோடு விழுந்து கிடக்குமே, அதேபோல வளைந்த கோடுகள் தெரிந்தன. விரிசல் சிறிது வளர்ந்து, நின்று, மீண்டும் வளர்ந்த தடங்கள் அவை. எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியைச் சுற்றி வளைந்திருந்தன. அந்தப் புள்ளியில் ஊசியால் குத்தியது போன்ற ஒரு துருக்குழி இருந்தது. மாற்ற வேண்டிய காலம் கடந்துபோன காற்று வடிகட்டிகளைத் தாண்டி உள்ளே வந்த கடலுப்பு, ஈரத்தோடு சேர்ந்து பறித்த குழி அது. நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றிக்கொண்டே அதிரும் பிளேட்டுக்கு அவ்வளவு போதும். முல்லைத்தீவுக் கரையோரத்துத் தகரக் கூரை மாங்குளத்துக் கூரைக்கு முன்பே ஓட்டை விழுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு உப்பின் வேலையை விளக்கத் தேவையில்லை. அறிக்கையில் களைப்பு என்று எழுதியதில் பிழையில்லை. ஆனால் புதிய பிளேட்டைப் போட்டுவிட்டு வடிகட்டியைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அதே முறிவு திரும்ப வந்திருக்கும்.

எரிந்த வாயு பாயும் சூடான பகுதியில் கதை வேறு. அங்குள்ள நிக்கல் கலப்புலோகப் பிளேட்டுகள், தம் உருகுநிலையையும் மிஞ்சிய வெப்பமுள்ள வாயுவில் நின்று, உள்ளே ஓடும் குளிர்காற்றாலும் மேற்பூச்சாலும் உயிர் பிழைக்கின்றன. குளிர்காற்றுத் துளைகளில் சில அடைபட்டால் உலோகத்தின் வெப்பம் ஏறும். சுமார் 10 முதல் 15 பாகை செல்சியஸ் ஏறினாலே ஊர்வினால், அதாவது தொடர்ந்து இழுபட்டு மெல்ல நீள்வதால், பிளேட்டின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. எரிபொருளிலுள்ள கந்தகமும் காற்றிலுள்ள உப்பும் சேர்ந்து சோடியம் சல்பேற் ஆகிப் படிந்தால், அது 884 பாகையில் உருகி, பிளேட்டைக் காக்கும் ஒட்சைட்டுப் படலத்தைக் கரைத்துவிடும். கெரவலப்பிட்டியிலுள்ள 300 மெகாவாற் நிலையம் போல உலை எண்ணெயை எரிக்கும் இடங்களில், எண்ணெயிலுள்ள வனேடியம் என்ற உலோகத்தையும் பார்க்க வேண்டும். அதன் ஒட்சைட்டு 690 பாகை அளவிலேயே உருகும் என்பதால்தான் எண்ணெயில் மக்னீசியம் சேர்த்து எரிக்கிறார்கள். எரிபொருள்ச் சோதனையைச் சடங்காகச் செய்யும் நிலையத்தை நான் நம்பமாட்டேன்.

அடிக்கடி நிறுத்தி ஓட்டுவதும் பெரிய காரணம். மழை பொய்த்து நீர்மின் குறையும்போதும் மாலை நேரத் தேவைக்கும் இயக்கப்படும் சுழலிகளில், ஒவ்வொரு தொடக்கத்திலும் பிளேட்டின் மெல்லிய விளிம்பு முதலில் சூடேற, தடித்த நடுப்பகுதி பின்தங்குகிறது. அந்த இழுபறி விளிம்பில் நுண்விரிசல்களை உண்டாக்கும். முழுச் சுமையில் இருக்கும்போது திடீரென நின்றுபோவது சாதாரணமாக நிறுத்துவதைவிடப் பல மடங்கு கெடுதல். கழன்ற ஆணி உள்ளே போவதும், பிளேட்டின் அடி, அதைப் பொருத்தியிருக்கும் வட்டின் பள்ளத்தில் உரசித் தேய்வதும் உண்டு.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். முறிந்த துண்டு கைக்கு வந்தால், பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு முகங்களையும் சேர்க்க வேண்டாம். மண்ணெண்ணெயில் கழுவவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ வேண்டாம். எங்கள் நிலையத்தில் முறிந்த இன்னொரு பிளேட்டை யாரோ நல்லெண்ணத்தோடு பளபளவென்று தேய்த்து மேசையில் வைத்திருந்தார்கள். அது எங்கே தொடங்கி முறிந்தது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.