118ஐத் தாண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்): மாலையில் நடைப்பயிற்சி முடிந்ததும் நண்பர்கள் ஐந்தாறு பேர் பூங்காவில் உட்கார்ந்து பேசுவது எங்கள் வழக்கம். தேர்தல் நெருங்கும்போது யார் ஆட்சிக்கு வருவார்கள் என்றுதான் பேச்சு தொடங்கும். சற்று நேரத்தில் அது சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று திரும்பிவிடும். "118ஐத் தாண்டிவிடுமா?" என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது சட்டமன்றத்தைப் பற்றியா, ரத்தப் பரிசோதனையைப் பற்றியா என்று புரிவதில்லை. வீட்டில் எங்களைக் கேலி செய்கிறார்கள். வயதானவர்களுக்கு வேறு பேச்சே கிடையாதா?

பதில்: 234 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 118 என்பது ஆட்சியைக் கொடுக்கும் எண், வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரையில் அதே 118, நோய் வாசல்வரை வந்துவிட்டதென்று எச்சரிக்கும் எண். இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. தமிழக அரசியலையும் மருத்துவமனையையும் பிரித்துப் பேச இந்த மாநிலத்தின் வரலாறே இடம் தரவில்லை. 1967 ஜனவரி 12 அன்று துப்பாக்கியால் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. அந்தத் தேர்தலில் முதல்வரான அண்ணா, இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்தார். 1984 இறுதியில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது, அவர் நலமாக இருப்பதைக் காட்டும் படச்சுருள் இங்கே ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. ஆண்டிபட்டிக்கு ஒருநாள்கூட வாக்குக் கேட்டு வராமலே அவர் அங்கே வெற்றி பெற்றார். 2016 நவம்பரில் நடந்த தேர்தல்களுக்கான கட்சிப் படிவத்தில் ஜெயலலிதாவின் கையெழுத்துக்குப் பதிலாகக் கைரேகை இடம்பெற்றதும், அதைப் பற்றி டீக்கடைகளில் மாதக்கணக்கில் பேசியதும் உங்கள் நண்பர்களுக்கு மறந்திருக்காது. தலைவரின் உடல்நிலையே தேர்தல் செய்தியாக இருந்த காலங்களைக் கடந்து வந்தவர்கள் நீங்கள். உங்களைக் கேலி செய்யும் இளைஞர்கள் நாற்பதைத் தாண்டட்டும், அவர்களும் அதே பெஞ்சுக்கு வந்து சேர்வார்கள்.

கேள்வி (வாசகி, திருநெல்வேலி): என் கணவரின் நண்பர் ஒருவர் ஒவ்வொரு தொகுதிக்கும் முடிவைச் சொல்லிவிடுவார். அதே உறுதியுடன் எங்களுக்கு வைத்தியமும் சொல்கிறார். அவர் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: தேர்தல் கணிப்பை ரசிக்கலாம், நம்ப வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே உள்ள ராதாபுரத்தில் 2016ஆம் ஆண்டு வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். 2021இல் சென்னை தியாகராய நகரில் 137. ஒரு தெருவில் இரண்டு குடும்பங்கள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தாலே மாறிவிடக்கூடிய முடிவுகளை, பெஞ்சில் உட்கார்ந்தபடி எவராலும் சொல்ல முடியாது. 2004 மக்களவைத் தேர்தலில் வாஜ்பாய் அரசே மீண்டும் வரும் என்று பெரிய கருத்துக்கணிப்புகளே சொல்லித் தவறியபோது, உங்கள் நண்பரை மட்டும் குறை சொல்வானேன்? தன் தெருவில் தண்ணீர் வரவில்லை, அதனால் ஆளுங்கட்சிமீது கோபம் இருக்கிறது என்று அவர் சொன்னால், அது அவர் கண்ணால் கண்டது, கேட்டுக்கொள்ளுங்கள். அதை வைத்து 234 தொகுதிகளையும் அளந்தால் விட்டுவிடுங்கள்.

வைத்தியத்திலும் அவர் செய்வது இதேதான். ஆனால் விளைவு வேறு. தேர்தல் கணிப்பு பொய்த்தால் அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் தப்பிவிடலாம். "எனக்கு முழங்கால் வலிக்கு இது நன்றாகக் கேட்டது" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, இரண்டைக் கிழித்துக் கொடுப்பது எல்லா நண்பர் வட்டத்திலும் நடக்கிறது. பெரும்பாலும் அது டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணியாக இருக்கும். ஏற்கெனவே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் அதைத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் பழுதடையலாம், அழுத்தம் கூடலாம், வயிற்றில் புண்ணும் வரலாம். சாதாரணச் சளி, காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக்கும் இப்படித்தான்: வைரஸால் வந்த சளியை அது ஒன்றும் செய்யாது, பின்னாளில் உண்மையாகவே தேவைப்படும்போது கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காமல் போகும்.

சர்க்கரை அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேற்றுக் காலை விரலில் குத்திப் பார்த்தபோது 110 இருந்ததென்று மாத்திரையை நிறுத்திவிட்ட வீரர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஒரு பொதுக்கூட்டத்துக்குத் திரண்ட கூட்டத்தைப் பார்த்து ஆட்சியையே கணிப்பது போன்றது அது. முந்தைய இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது எச்பிஏ1சி பரிசோதனை. மருத்துவர் அதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுப்பார். ரத்த அழுத்த மாத்திரையையும் "இப்போது நார்மலாக இருக்கிறது" என்று நிறுத்தக் கூடாது. மாத்திரை போடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது. மருந்து வாங்க அலைய முடியவில்லை என்பவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே பெறலாம்; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி (வாசகர், வேலூர்): எங்கள் குழுவில் மூத்தவருக்கு 79 வயது, சர்க்கரை, மூட்டுவலி இரண்டும் உண்டு. வேலூர் வெயிலில் அவர் வாக்களிக்க வருவது பாதுகாப்பானதா? வீட்டிலிருந்தே வாக்களிக்க முடியாதா?

பதில்: 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதைக் கடந்தவர்களுக்கு அஞ்சல் வாக்கு வசதி இருந்தது, 2024 மக்களவைத் தேர்தலில் அந்த வயது வரம்பு 85 ஆக உயர்த்தப்பட்டது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனம் உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கு வயது வரம்பு இல்லை. தகுதியுள்ளவர்கள் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் 12டி படிவம் கொடுத்தால், அலுவலர்கள் வீட்டுக்கே வந்து வாக்கைப் பெற்றுச் செல்வார்கள். உங்கள் நண்பர் சாவடிக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

அவர் காலை ஏழு மணிக்கே வரட்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பதைவிட ஆபத்து வேறில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்டைப்பையில் நாலு மிட்டாயும் கையில் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளட்டும். நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், வெயில் காலத்தில் அதன் அளவைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. சக்கர நாற்காலி உண்டா என்று முந்தின நாளே சாவடியில் விசாரித்து வையுங்கள். பார்வை இல்லாதவர்களும், பொத்தானை அழுத்த இயலாத அளவுக்குத் தளர்ந்தவர்களும் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல விதி அனுமதிக்கிறது. ஆனால் ஒருவர் அன்று ஒரே ஒருவருக்குத்தான் துணையாகலாம். குழுவில் இளையவர் என்பதற்காக ஐந்து பேரையும் நீங்களே அழைத்துச் சென்றுவிட முடியாது.

கேள்வி (வாசகர், கடலூர்): உள்ளாட்சித் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்றதால் முப்பது வருட நண்பர் என்னுடன் பேசுவதில்லை. இப்போது அவருக்கு டெங்கு என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கலாமா?

பதில்: இன்றே போங்கள். டெங்கு கொசு வழியாகத்தான் பரவும், பேசுவதால் பரவாது. காய்ச்சல் இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று அவர் எழுந்து நடமாடினால் தடுத்துவிடுங்கள். நோய் முற்றுவது பெரும்பாலும் காய்ச்சல் தணிகிற அந்த இரண்டு நாட்களில்தான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே; ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு போங்கள். வார்டு கணக்கை அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.