பனிப்பாறை உருகினால் நிலம் உயருமா? அப்படியானால் கடல் உயர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

முதல் கேள்விக்குப் பதில்: உயரும். அலாஸ்காவில் கிளேசியர் பே என்ற வளைகுடா 18ஆம் நூற்றாண்டின் நடுவில் முழுக்கப் பனியால் மூடிக் கிடந்தது. பிறகு பனி சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. இப்போது அந்தப் பக்கத்து நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் மேலே வருகிறது. அருகிலுள்ள ஜூனோ நகரிலும் கடல் கரையைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது.

காரணம் எடை. நாம் நிற்கும் மேலோடு, அதற்குக் கீழே உள்ள, கவசம் என்று சொல்லப்படும் அடர்த்தியான பாறை அடுக்கின் மேல் மிதக்கிறது. நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். இங்கே துறைமுகத்தில் சரக்கை இறக்க இறக்கக் கப்பல் மேலே வருவதைப் பார்க்கலாம், நிலமும் அப்படித்தான். பனியின் அடர்த்தி கவசப் பாறையின் அடர்த்தியில் கால் பங்குக்குச் சற்று அதிகம். ஆகவே 3 கிலோமீட்டர் தடிமனுள்ள பனி நீண்ட காலம் உட்கார்ந்திருந்தால், நிலம் 800 மீட்டர் அளவுக்கு அமிழ்ந்துபோகும்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது வேகம்தான். கவசம் திரவம் அல்ல, கெட்டிப் பாறை. ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழுத்தினால் மெல்ல நகர்ந்து வழிகிறது. பனி போனதும் மேலோடு கொஞ்சம் உடனே எழும்பும். மிச்சம், ஒதுங்கிப் போன பாறை திரும்பி வந்து சேரும் வரை நடந்துகொண்டே இருக்கும். ஸ்காண்டிநேவியாவில் பெரும் பனி உருகி முடிந்து ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன. பாத்னியா வளைகுடாக் கரை இன்னும் ஆண்டுக்கு 8, 9 மில்லிமீட்டர் எழுகிறது. 1731இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் (வெப்பமானி அளவுகோலுக்குப் பெயர் தந்தவர்தான்) ஸ்வீடன் கரையில், சீல்கள் ஏறிப் படுக்கும் ஒரு பாறையில் கடல் மட்டத்தைக் குறித்து வைத்தார். கடல் நீர் வற்றுகிறது என்று அவர் நினைத்தார். அந்தக் கோடு இப்போது தண்ணீருக்குச் சுமார் 2 மீட்டர் மேலே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவும் ஒரு காலத்தில் பனிக்கு அடியில் கிடந்த நாடுதான். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி விட்டுச்சென்ற டுவைக்கா டில்லைட் பாறை டர்பனைச் சுற்றியே கிடைக்கும். கிம்பர்லிக்குப் பக்கத்தில் நூயிட்கெடாக்ட் என்ற இடத்தில் பனி உரசிய கீறல்களைப் பாறையில் தெளிவாகப் பார்க்கலாம்; போனால் பார்க்காமல் வராதீர்கள். அந்தப் பனி போனதால் வந்த எழுச்சி எப்போதோ முடிந்துவிட்டது.

ஆனால் 2012க்கும் 2020க்கும் இடையில் இந்த நாட்டு நிலம் சராசரியாக 6 மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதை ஜிபிஎஸ் நிலையங்கள் காட்டின. பூமியின் ஆழத்திலிருந்து ஏதோ தள்ளுகிறது என்பதுதான் பழைய விளக்கம். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வேறொன்றைச் சொன்னார்கள்: வறட்சி. கேப் டவுனில் குழாய்த் தண்ணீரே நின்றுவிடும் என்று பயந்த அந்த ஆண்டுகளில் அணை, மண், நிலத்தடி எல்லாம் வற்றி எடை குறைந்தது, நிலம் எழுந்தது. இது உடனே நடக்கும் வகை. மழை பெய்து நீர் நிரம்பினால் மறுபடி இறங்கிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கவலைப்படத்தான் வேண்டும், அதிலும் பனியிலிருந்து தூரத்தில் இருப்பவர்கள் கூடுதலாக. கிரீன்லாந்துப் பனி அவ்வளவு பெரியது என்பதால், அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடியும் தளரும். கிரீன்லாந்தைச் சுற்றிச் சுமார் 2,000 கிலோமீட்டர் வரை கடல் மட்டம் இறங்கும். தொலைவில் இருக்கும் எங்கள் கரையில் சராசரியைவிட அதிகமாக ஏறும். இங்கே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுத்து மத்தி பிடித்திருக்கிறார்கள். 2007 மார்ச்சில் பேரலைகளும் உச்ச ஓதமும் ஒன்றாக வந்தபோது டர்பன் இருக்கும் க்வாசூலு-நடால் மாகாணத்தின் கரை எப்படி அரித்துப்போனது என்று அவர்களிடம் கேளுங்கள். கடல் இன்னும் சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கிளம்பினால் அதே புயல் எவ்வளவு உள்ளே வரும்!

அப்புறம், ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கடல் மட்டம் இறங்கும் வரைபடத்தைக் காட்டி, கடல் உயர்வு பொய் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். கரையில் நிற்கும் அளவுமானி தான் நிற்கும் நிலத்தை வைத்துத்தான் கடலை அளக்கிறது. அங்கே கடல் ஏறுவதைவிட நிலம் வேகமாக ஏறுகிறது, அவ்வளவுதான்.