கருமுட்டை எடுத்த பிறகு மூச்சு முட்டுகிறதா? இன்றே காட்டுங்கள்

சகோதரி, ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சைக்காக முட்டை எடுத்து ஐந்தாம் நாள் வயிறு உப்பி, தலையணையை உயர்த்தினால்தான் மூச்சு விட முடிகிறது, வீட்டில் வாயு என்று ஓமத்தண்ணீர் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வாயு என்று விட்டுவிடாதீர்கள். நாளை வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இது சினைப்பை மிகைத்தூண்டலாக, அதாவது முட்டை வளரப் போடும் ஊசிகளால் சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்குவதாக இருக்கலாம். டாக்டர்கள் ஓஹெச்எஸ்எஸ் என்பார்கள். பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம்; உங்களுக்கும் இருப்பதாகச் சொன்னீர்கள். முட்டை எடுப்பதற்கு முன் அது முதிர்வதற்காகப் போடும் ஹெச்சிஜி ஊசிக்குப் பிறகு, வீங்கிய சினைப்பைகள் சுரக்கும் பொருள்களால் ரத்தக்குழாய்கள் கசியும். அந்த நீர் வயிற்றில் சேரும், சிலருக்கு நுரையீரலைச் சுற்றியும் சேரும், அதுவும் பெரும்பாலும் வலப்பக்கம். படுத்தால் திணறுவது அதனால் இருக்கலாம்.

நீர் வெளியேறியதும் மிச்ச ரத்தம் கெட்டியாகிவிடும். அது உறைந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நீர் பிரிய நீங்களாக மாத்திரை போடாதீர்கள், ரத்தம் இன்னும் கெட்டியாகும்.

பயப்பட வேண்டாம், இதற்கு வைத்தியம் இருக்கிறது. தேவைப்பட்டால் ஸ்கேன் பார்த்து ஊசியால் நீரை எடுப்பார்கள், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போடுவார்கள். கர்ப்பம் தங்கினால் இது நீடிக்கும், அதனால் கருவை இப்போது வைக்காமல் உறையவைக்கலாமா என்று கேளுங்கள்.

அப்புறம், வேறு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், 'ஐவிஎஃப் ஊசி போட்டிருக்கிறேன், முட்டை எடுத்து ஐந்து நாள்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசிச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.