கேள்வி – பதில்: மீட்டர் 1:1 காட்டுகிறது, குரல் போகவில்லை

கேள்வி: ஐயா, அமெச்சூர் ரேடியோ பேசுகிறேன். சிங்கப்பூர் சிராங்கூனில் தரைவீடு. பின்கட்டில் 6 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனாவாகச் செங்குத்தாக ஒரு கம்பி கட்டி, 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் வழியாக மாடி அறைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். 7 மெகாஹெர்ட்ஸில் ட்யூனரைத் திருப்பினால் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் அளவு; 1:1 என்றால் முழுப் பொருத்தம்) அழகாக 1:1. ஆனால் 100 வாட் கொடுத்தும் சென்னை நண்பருக்கு என் குரல் இரைச்சலுக்குள் அமுங்கிப்போகிறது. ட்யூனர் பெட்டியும் லேசாகச் சுடுகிறது. 400 வெள்ளிக்கு வேறு ட்யூனர் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி.

ஆன்டெனா ட்யூனர் என்பது பெயர்தான். மேசைமேல் இருக்கும் அந்தப் பெட்டி பின்கட்டுக் கம்பியை ஒன்றும் செய்வதில்லை. கேபிளின் இந்த முனையில் தெரியும் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கான தடையை) உங்கள் ரேடியோ கேட்கும் 50 ஓமாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் பார்க்கும் 1:1, ரேடியோவுக்கும் ட்யூனருக்கும் நடுவே உள்ள முழ நீளக் கேபிளில் மட்டும். அதைத் தாண்டிய 15 மீட்டரில் பழைய எஸ்.டபிள்யூ.ஆர். அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அது எவ்வளவு இருக்கும்? 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 10 மீட்டர். உங்கள் கம்பி 6. நீளம் குறைவதால் பொருத்தமும் கெடும். 20:1 என்று வைத்துக்கொள்வோம், குறைத்துத்தான் சொல்கிறேன். பொருத்தமான ஆன்டெனா இருந்தால் உங்கள் கேபிள் அரை டெசிபல், அதாவது 100 வாட்டில் சுமார் 12 வாட் தின்னும். 20:1-இல் அதே கேபிள் மூன்றரை டெசிபல் தின்கிறது. கம்பத்தடிக்குப் போய்ச் சேருவது 45 வாட் இருந்தால் அதிகம். 15 மீட்டருக்கும் பரவிவிடுவதால் அந்தச் சூடு கைக்குத் தெரியாது. ட்யூனர் சின்னப் பெட்டி, தொட்டால் தெரிகிறது. பழியும் அதன்மேல் விழுகிறது.

அதற்காக ட்யூனர் ரொம்ப யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். கையால் திருப்பும் ட்யூனர்களில் பெரும்பாலும் இரண்டு கெப்பாசிட்டர் (மின்தேக்கி), நடுவே ஒரு காயில் (கம்பிச் சுருள்). இழப்பு முக்கால்வாசியும் காயிலில்தான். ஒரே ஆன்டெனாவுக்கு 1:1 தரும் நிலைகள் பல உண்டு, எல்லாம் சமமில்லை. இரண்டு கெப்பாசிட்டரையும் முழு அளவில் வைத்துத் தொடங்குங்கள். எவ்வளவு குறைந்த காயிலில் மீட்டர் இறங்குகிறதோ அதுவே நல்ல நிலை.

இது தெரியாமல் 90-களில் ஈசூன் வீவக அடுக்குமாடி வீட்டில் ஒரு குட்டைக் கம்பியை வைத்துக்கொண்டு 3.5 மெகாஹெர்ட்ஸில் பேசினேன். காயில் முழுவதும் உள்ளே, கெப்பாசிட்டர்கள் ஏறக்குறைய திறந்த நிலையில். மீட்டர் 1:1. பத்து நிமிடத்தில், "என்னங்க தீயுது?" என்று மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தார். காயிலைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் கடைசிவரை ஒன்றும் வித்தியாசமாக உணரவில்லை என்பதுதான் வேடிக்கை.

உணராததற்குக் காரணம் இருக்கிறது. கேட்பவர் ரேடியோவில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு படி 6 டெசிபல், அதாவது சக்தியில் 4 மடங்கு. ட்யூனர் 20 வாட் தின்றால் ஒரு டெசிபல்தான் குறையும். இழப்பே இல்லாத ட்யூனரை யாராவது இனாமாகக் கொடுத்தால்கூட சென்னை நண்பரின் முள் அசையுமா என்பது சந்தேகம்.

ஆகவே கம்பிக்குப் போங்கள். கம்பத்து உச்சியிலிருந்து இன்னும் 4 மீட்டரைப் படுக்கைவாட்டில் இழுத்துக் கட்டினால் 10 ஆகிவிடும். அப்புறம், அடியில் விரிக்கும் தரைக் கம்பிகளைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. இல்லை என்றே ஊகிக்கிறேன். அப்படியானால் மிஞ்சிய 45 வாட்டில் பெரும்பங்கு உங்கள் தோட்டத்து மண்ணைத்தான் சூடாக்குகிறது. சிம் லிம் டவர் பக்கம் போய்ச் சாதாரண வயர் ஒரு சுருள் வாங்கி, இடம் விட்ட மட்டும் பத்துப் பன்னிரண்டு கம்பிகளைப் புல்லோடு புல்லாக விரித்துவிடுங்கள். 400 வெள்ளியைச் செலவழித்தே தீருவேன் என்றால், தானியங்கி ட்யூனர் ஒன்றை மழை புகாத பெட்டியில் கம்பத்தடியில் வையுங்கள். கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கும், பல அலைவரிசைகளிலும் பேசலாம்.

கேள்வி: என் ஆன்டெனா 1.5:1 காட்டுகிறது. ட்யூனர் போட்டு 1:1 ஆக்கினால் தூரம் கூடுமா? — தெம்பனிஸ் வாசகர்

பதில்: கூடாது. 1.5:1-இல் திரும்பி வருவது 4 சதவீதம். ட்யூனரை நடுவில் நுழைத்தால் அதுவே அவ்வளவும் தின்றுவிடலாம். மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பேசுங்கள்.