இரண்டு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்எஸ்டி: எந்த ஸ்லாட்டில் எதைப் பொருத்துவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: பி650 மதர்போர்டு, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலி. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்ய (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்க) இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு சேர்க்கிறீர்கள். மதர்போர்டிலேயே செருகும் வேகமான எம்.2 எஸ்எஸ்டியும் (சேமிப்பகம்) இரண்டு இருக்கின்றன. எதை எங்கே பொருத்துவது என்று கேட்கிறீர்கள்.

ஸ்லாட்டின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் திருமண, திருவிழா வீடியோக்களைத் தொகுப்பது என் பிழைப்பு. பழைய பி550 போர்டில் இரண்டு நீளமான ஸ்லாட்டுகள், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டாவது கார்டைக் கீழ் ஸ்லாட்டிலும், புதிதாக வாங்கிய எஸ்எஸ்டியை இரண்டாவது எம்.2-விலும் பொருத்தினேன். கணினி ஓடியது. ஆனால் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசக் காட்சிகள் இருந்த கேபிளில் இணைக்கும் பழைய சாட்டா டிஸ்க்கைக் காணவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைக்குப் போனேன். டிஸ்க் செத்துவிட்டது, தரவை மீட்கப் பெரிய தொகை ஆகும் என்றார்கள். கொடுக்க மனம் வரவில்லை. அன்றிரவு கையேட்டைப் புரட்டினால் பொடி எழுத்தில் ஒரு வரி: இரண்டாவது எம்.2 பயன்பாட்டில் இருந்தால் 5, 6ஆம் சாட்டா போர்ட்டுகள் இயங்கா. கேபிளைப் பிடுங்கி முதல் போர்ட்டில் மாட்டினேன், டிஸ்க் வந்துவிட்டது. இன்டெலும் ஏஎம்டியும் 1972இலேயே ஆலை தொடங்கிய தீவில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாமல் இருந்தேனே என்று வெட்கமாகிவிட்டது.

இது பாகப்பிரிவினைக் கணக்கு. உங்கள் செயலியிடம் 28 பிசிஐஇ லேன்கள் (தரவு ஓடும் தடங்கள்) உள்ளன. மேல் ஸ்லாட்டுக்கு 16, முதல் எம்.2-வுக்கு 4, சிப்செட்டுக்கு (மற்ற இணைப்புகளைக் கவனிக்கும் போர்டுச் சில்லு) 4. மீதி 4 போர்டு தயாரித்தவரின் விருப்பம். பெரும்பாலும் இரண்டாவது எம்.2-வுக்குப் போகும். மற்றதெல்லாம் சிப்செட் என்ற கூட்டுக் குடும்பத்துக்குள் அடக்கம்: கீழ் ஸ்லாட், மீதமுள்ள எம்.2, சாட்டா, நெட்வொர்க், பெரும்பாலான யுஎஸ்பி. அத்தனை பேரும் செயலியை எட்டுவதற்கு நான்காம் தலைமுறை லேன்கள் நான்குதான், வினாடிக்குச் சுமார் 8 ஜிபி. என் பி550இல் அது மூன்றாம் தலைமுறை, அதாவது அதில் பாதி. ஆகவே என் புது எஸ்எஸ்டியும் இரண்டாவது கார்டும் ஒரே வாசலில் இடித்துக்கொண்டு நின்றன.

(செயலி 8000 வரிசையின் 8700ஜி என்றால் கதையே வேறு. அதில் மேல் ஸ்லாட்டுக்கே 8 லேன்தான்.)

உங்கள் இடத்தில் நான் இருந்தால், வலுவான கார்டை மேல் ஸ்லாட்டில் வைத்து மானிட்டரையும் அதிலேயே இணைப்பேன். இயங்குதளமும் நடப்பு வேலையும் உள்ள எஸ்எஸ்டி செயலியோடு நேராக இணைந்த எம்.2-வுக்கு. இரண்டாவது எஸ்எஸ்டியும் செயலி வழி எம்.2-வில் உட்கார்ந்தால் நல்லது. முடியாவிட்டால் சிப்செட் பக்கம் போகட்டும், ஆனால் அதில் பழைய வேலைகளை மட்டும் போட்டு வையுங்கள். இரண்டாவது கார்டு கீழே 4 லேனில் ஓடட்டும்.

4 லேன் போதுமா என்று பயப்படுவீர்கள். பிளெண்டர் காட்சியை ஒருமுறை கார்டின் நினைவகத்தில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு கார்டுக்குள்ளேயே கணக்கிடுகிறது. ஏற்றும் நேரம் சற்றுக் கூடும், ரெண்டர் அதிகம் மந்தமாகாது. நினைவகம் கூட்டிச் சேராது என்பதுதான் பெரிய விஷயம்: 12 ஜிபி கார்டு இரண்டு இருந்தால் 24 ஜிபி நினைவகம் கிடைத்ததாகாது, காட்சி ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியே ஏறுகிறது. விளையாட்டுக்காக என்றால் இரண்டாவது கார்டை வாங்கவே வேண்டாம்.

எனக்கு உண்மையில் தலைவலி கொடுத்தது லேன் அல்ல, சூடு. கீழ்க் கார்டு விடும் அனலை மேல் கார்டு உள்ளிழுக்கும். நம் ஊரில் குளிர்சாதனம் இல்லாத அறையில் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதோடு இதுவும் சேர்ந்தால் மேல் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நான் மேல் கார்டின் மின்வரம்பை 80 விழுக்காடாக இறக்கினேன். ரெண்டர் நேரத்தில் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை, விசிறிச் சத்தம் மட்டும் அடங்கியது. இரண்டு கார்டுக்கும் நடுவே ஒரு ஸ்லாட் அகலமாவது காலி இருக்கும் போர்டாகப் பாருங்கள். கார்டுக்கு அடியில் மறைந்துபோகும் எம்.2-வுக்கு வெப்பத்தகடு அவசியம்.

பொருத்தியதும், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு கார்டும் எத்தனை லேனில் ஓடுகிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பழைய தலைமுறை வேகத்தைக் காட்டும், பதற வேண்டாம். அங்கேயே உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டினால் சரியான எண் தெரியும். மேல் கார்டு 16க்குப் பதில் 8 என்று காட்டினால் முதலில் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள், பிறகு பயோஸை (மதர்போர்டின் அமைப்புத் திரையை) பாருங்கள். சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2-வை நிரப்பினால் மேல் ஸ்லாட்டின் பங்கில் பாதி போய்விடும். அதுவும் கையேட்டின் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

கடைக்காரர் செத்துவிட்டது என்ற டிஸ்க் இன்றும் முதல் சாட்டா போர்ட்டில்தான் இருக்கிறது. இந்த ஆண்டுத் தைப்பூசமும் அதில்தான் ஏறியது, இந்த முறை ஒரு நகலோடு.