எழுத்துக்கும் கலைக்கும் ஏஐ பயன்படுத்துவதில் உங்களுக்குத் தயக்கம் உண்டா? டர்பனிலிருந்து ஒரு பதில்

கேள்வி: கதை, கட்டுரை, ஓவியம் போன்றவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த உங்களுக்குத் தயக்கம் உண்டா? எல்லோரும் பயன்படுத்தும்போது நாம் மட்டும் ஒதுங்கி நிற்பது சரியா?

தயக்கம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் "அதற்கு உணர்ச்சி கிடையாது", "தமிழைக் கொலை செய்கிறது" என்று பலரும் சொல்கிற காரணங்களுக்காக இல்லை. இப்போது வருகிற மென்பொருள்கள் தமிழைக் கோவையாகவே எழுதுகின்றன. யாருமே எழுதி வைக்காத ஒன்றைப் பற்றிக் கேட்டாலும் அதையும் கோவையாக எழுதிக் கொடுத்துவிடுகின்றன. என் பயம் அங்கேதான் இருக்கிறது.

நான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவள். டர்பனில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது தலைமுறை. பிள்ளை, நாயுடு, கோவெண்டர், மூட்லி, படையாச்சி என்று பெயருக்குப் பின்னால் ஊர் ஞாபகம் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் பேசுவது ஆங்கிலம். நாட்டின் அரசியல் சட்டத்தில், மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் தமிழ் எழுதக்கூடியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இவர்களுடைய முன்னோர் வந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அவர்கள் தங்கள் கையால் எழுதி வைத்தது மிக மிகக் குறைவு. அவர்களைப் பற்றி மிஞ்சியிருப்பது குமாஸ்தாக்கள் எழுதிய கப்பல் பட்டியல்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். ஒரு மனுஷிக்கு ஒரே ஒரு வரி.

இனி நடந்ததைச் சொல்கிறேன். என் வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் குடும்பத்தில் எல்லாக் கிளைகளும் ஒன்றுகூடும் விழா வைத்தார்கள். அதற்கு ஒரு மலர் போட ஆசைப்பட்டார்கள். கப்பலில் வந்த ஆயாவைப் பற்றி (இங்கே பாட்டியையும் அதற்கு மேலுள்ளவர்களையும் ஆயா என்றுதான் சொல்வார்கள்) அவர்களுக்குத் தெரிந்தது மூன்று செய்திகள். பட்டியலில் உள்ள வரி, தோட்டத்தில் வேலை பார்த்தாள் என்பது, பிற்பாடு டர்பனில் கூடையில் காய்கறி விற்றாள் என்பது. இந்த மூன்றையும் கொடுத்து ஏஐயிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கம் வந்தது. ஆற்றங்கரைக் கோவிலில் கடைசியாகக் கும்பிட்டுவிட்டு, பிறந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு, கப்பல் தளத்தில் தாலாட்டுப் பாடிக்கொண்டே வந்தாளாம். படித்தவர்கள் அழுதார்கள். அச்சடித்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அதே குடும்பத்துப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னான்: "எங்க ஆயா ஊர் மண்ணை முடிஞ்சு எடுத்துட்டு வந்தாங்க ஆன்ட்டி, எங்க தாத்தா சொல்லுவார்." தாத்தா அப்படிச் சொன்னதே கிடையாது. அவன் பொய் சொல்லவும் இல்லை. படித்தது ஞாபகமாக மாறிவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு இருபது வருஷம் போனால் அந்த வீட்டில் இதை மறுத்துச் சொல்ல யார் இருப்பார்கள்? எனக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை.

இந்த மென்பொருள்கள் வேலை செய்யும் விதமே இதுதான். ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பழகிக்கொண்டு எழுதுகின்றன. அதிகம் எழுதப்பட்ட விஷயத்தில் இது நன்றாகவே கைகொடுக்கும். நேட்டால் தமிழர் வாழ்க்கை தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. அதனால் அந்த இடத்தைத் தமிழ்நாட்டுக் கதைகளின் சராசரியை வைத்து நிரப்பிவிடுகின்றன. மாரியம்மன் திருவிழா என்று கேட்டால் ஆடி மாதமும் வேப்பிலையும் வரும். இங்கேயும் ஆடியில் கூழ் ஊற்றுவார்கள், அதற்குப் 'போரிட்ஜ் பிரேயர்' என்றே பெயர். ஆனால் டர்பனை அடுத்த இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் கூட்டம் அலைமோதுவது ஈஸ்டர் சமயத்தில். கூலிக் காலத்தில் தோட்டத்தில் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது அப்போதுதான் என்று இங்குள்ளவர்கள் காரணம் சொல்வார்கள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று அம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்துவதில் ஒரு சனத்தின் சரித்திரமே இருக்கிறது. சராசரியில் முதலில் அடிபட்டுப் போவது இப்படிப்பட்ட செய்திதான்.

இல்லாததை இருப்பதாகச் சொல்லும் ஏஐயின் வழக்கம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. 2025 ஜனவரியில், எங்கள் மாகாணத்தின் பீட்டர்மரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் ஒரு தரப்பு வழக்கறிஞர்கள் காட்டிய 9 முன்தீர்ப்புகளில் 2 மட்டுமே உண்மையில் இருந்தன. விஷயம் வழக்கறிஞர் கவுன்சிலுக்கு அனுப்பப்பட்டது. அங்கே தீர்ப்புத் தொகுப்புகள் இருந்ததால் சரிபார்க்க முடிந்தது. ஆயாவின் முந்தானையில் மண் இருந்ததா என்று எந்தத் தொகுப்பைப் புரட்டுவது?

எழுத்தாளர்களின் உழைப்பை எடுத்துக்கொண்ட விவகாரமும் எனக்கு உறுத்தல்தான். திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிய புத்தகங்களுக்காக ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2025இல் 150 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. ஒரு புத்தகத்துக்கு ஏறத்தாழ 3,000 டாலர். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவான புத்தகங்களுக்குத்தான் அந்தப் பணம். நம் தமிழ் எழுத்தாளர்களில் எத்தனை பேர் அங்கே போய்ப் பதிவு செய்திருக்கப் போகிறார்கள்? தென்னாப்பிரிக்காவுக்கு இதில் வேறொரு பெருமை வேறு. டாபஸ் என்ற ஏஐயைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய விண்ணப்பத்துக்கு 2021இல் முதன்முதலில் பேடன்ட் கொடுத்த நாடு இதுதான். எனக்கு அது பெருமையாகப் படவில்லை.

அப்படியானால் தொடவே மாட்டேனா? தொடுவேன். மங்கிப்போன பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்க, எழுத்துப்பிழை பார்க்க, பதிவு செய்த பேச்சை எழுத்தாக்க. இவற்றில் மூலம் என் கையில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஓவியத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. கோவில் அழைப்பிதழ்களில் வரும் ஏஐ முருகனைப் பார்க்கும்போது, முன்பு அதை வரைந்து கொடுத்தவருக்கு இப்போது வேலை இருக்கிறதா என்று மட்டும் தோன்றும்.

வகுப்பில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர்களைப் பற்றி எழுதும்போது ஏஐ கூடாது. முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும், போனில் பதிவு செய்ய வேண்டும், பேச்சு ஆங்கிலமும் தமிழும் கலந்து வந்தால் அப்படியே வரட்டும். அப்புறம் அதைத் தமிழில் எழுத வேண்டும். ஐந்து வரிதான் வருகிறதா, சரி, ஐந்து வரி போதும். தெரியாத இடத்தில் "இது எங்களுக்குத் தெரியவில்லை" என்று எழுத வேண்டும். ஒரு சிறுமி எழுதினாள்: "ஆயா மீன் கறியில் புளி அதிகம் போடுவாங்க. ஏன்னு கேக்கல. இப்போ அவங்க இல்ல." இந்த மூன்று வரியை எந்த மென்பொருளும் அவளுக்காக எழுதியிருக்க முடியாது. அவள் கேட்காமல் விட்ட கேள்வி அவளுடையது.

எல்லோரும் பயன்படுத்தும்போது ஒதுங்கி நிற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குத் தமிழில் எவ்வளவோ எழுதப்படுகிறது. அதில் ஒரு பங்கை மென்பொருள் எழுதினாலும் மனிதர் எழுதியது மிச்சம் இருக்கும். எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு கோவில் மலர், இரண்டு குடும்ப மலர் என்று தமிழில் வருவதே கொஞ்சம். அதையும் மென்பொருளிடம் விட்டால் மனிதர் எழுதியது என்று எதுவும் இருக்காது. ஆகவே என் பதில்: அலுவலகக் கடிதத்துக்கும் விளம்பரத்துக்கும் உங்கள் விருப்பம் போலச் செய்யுங்கள். உங்கள் குடும்பம், ஊர், கோவில் பற்றி எழுதும்போது ஒதுங்கியே நில்லுங்கள். ஏற்கெனவே ஏஐ எழுதிக் கொடுத்ததை அச்சடித்துவிட்டீர்கள் என்றால், அடுத்த பதிப்பில் எந்தெந்த வரி பெரியவர்கள் சொன்னது, எது மென்பொருள் சேர்த்தது என்று பிரித்துக் குறிப்பிடுங்கள். அந்தக் குடும்பத்திடமும் இதைத்தான் கேட்டிருக்கிறேன். மறுபதிப்புக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.